லாவண்டர் போட்ட பழனியப்பன் அண்ணன்

பழனியப்பன் அண்ணன் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது...

திருச்செங்கோட்டில் ஒரே போர்வெல் ரிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஆபீசில், அவர் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போடுபவர். காஷ்மீர் பக்கம் போனபோது லாவண்டர் வயலைப் பார்த்தார். திரும்பி வந்ததும் வேலையை விட்டுவிட்டு ராசிபுரம் பக்கம் சொந்தக் காட்டு நிலத்தில் அதையே போட்டார். முழுக்க ஆர்கானிக்.

"அது குளிர்ல வர்ற செடிங்ண்ணா. நம்மூரு வெயிலுக்கு எப்படி?"

"ஏஞ்சாமி, நாம அங்க போயி குளிரு தாங்குனமில்ல? அது இங்க வந்து வெயிலு தாங்காதா?"

முதல் மழைக்கே வேர் அழுகி எல்லாம் போனது. அப்போதாவது விட்டாரா? மண்ணை மேடாகக் கட்டி, சரளை கலந்து, மறுபடி நட்டார். பிழைத்தது. பூவும் வந்தது... கொஞ்சம்தான்.

அந்தப் பூவில் வடித்த எண்ணெயை வாங்க வந்த பார்ட்டி மோந்து பார்த்து, "கற்பூர வாசம்தாங்க தூக்கலா இருக்குது" என்று பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல். அண்ணன் பூவைக் காயவைத்து, சின்னத் துணிப்பைகளில் கட்டி விற்க ஆரம்பித்தார். எண்ணெய் வடிப்பதையும் விடவில்லை.

போன வருஷம் பக்கத்துக் காட்டில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து ஓரத்து வரிசைகளில் பட்டது. அந்த வரிசைகளில் இருந்த அத்தனை செடியையும் பிடுங்கிவிட்டார். நன்றாக இருந்த செடிகள்!

"யாருக்குத் தெரியப்போவுதுங்ண்ணா?" என்று கத்தினேன்.

"தலவாணிக்குள்ள வெச்சுத் தூங்கறாங்க சாமி. மருந்து பட்ட பூவ எப்படிக் குடுக்கறது?"

நேற்று மதியம் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி. செல்வி அண்ணி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறார். இவர் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வாயுதான் புள்ள... இது எறங்கட்டும், வாரேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு டிரம் பூவில் வடியும் எண்ணெய்க்காக! அதில் எவ்வளவு வந்திருக்கும்... ஒரு கை அளவு பாட்டில்.

இன்று போயிருந்தேன். பந்தலில் இடமில்லை என்று சொந்தக்காரர்கள் பைக்குகளைக் கொண்டுபோய்ப் பூத்த பாத்திமேல் நிறுத்தியிருந்தார்கள்.

அண்ணி எழுந்து வந்தார். "ஊட்டுக்காரர் போட்ட செடி அது. வண்டிய எடுங்கடா!"

எடுத்தார்கள். சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார். நானும் கூட உட்கார்ந்தேன்.

போய் வாங்கண்ணா... உங்கள்மேல் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.