பூட்டு ஆசாரியின் ஊரில்

காலை 7.40, இலங்கை மலையகத்தில் ஹட்டன். பொகவந்தலாவை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கட் நூற்றிருபது ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் திருச்சி வெயிலில் சமதரையிலேயே வளர்ந்த என் வயிறு இந்த வளைவுகளுக்குப் பழகியதில்லை. டிக்கோயா தாண்டுவதற்குள் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே தீர்த்துவிட்டேன்.

பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தாள். பெயர் செல்வி, என் மகள் வயது. ஹட்டனில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். எங்கே பயணம் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ஊருக்குங்க. கோயில் கமிட்டிகிட்ட ஒன்னு சொல்லணும். சொன்னா என்ன ஆகும்னுதான் தெரியல."

8.30, நோர்வூட். பஸ் வெகுநேரம் நின்றது. கதை முழுவதும் அங்கேதான் வந்தது. செல்வியின் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பூட்டு ஆசாரி. அவர் பூட்டு தொங்காத பங்களா அந்தப் பக்கம் கிடையாது. பஞ்சாயத்தில் முன்வரிசை, கல்யாண வீட்டில் முதல் தாம்பூலம். அதே மனுஷன், துரைமார் கிளப்புக்குப் போகும் நேரம் பார்த்து, தான் செய்த பூட்டைத் தானே திறந்து வெள்ளிச் சாமான்களை அள்ளியிருக்கிறார். களவு போன பங்களாவுக்குப் புதுப் பூட்டு போடவும் அவரையே கூப்பிட்டிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்விக்கு வரவில்லை.

"அவரு பிடிபட்டதுலருந்து, கோயில் நகைப்பெட்டியத் தொறக்குறப்ப எங்க குடும்பம் வாசலுக்கு வெளிய நிக்கணுங்க. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்."

அந்தப் பெட்டியில் தொங்குவதோ ஆசாரி செய்த பூட்டேதான். நல்ல உறுதியான பூட்டு என்று யாரும் மாற்றவில்லை. அதைச் சாவியில்லாமல் திறக்கும் வழியை, போன மாதம் சாகும் முன் அப்பா அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாளை திருவிழாக் கொடியேற்றம், ஊரே கூடும். சொல்லாமலிருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. சொன்னால் பழைய பழி புதிதாக ஏறிக்கொள்ளும்.

"நீங்களும் வாங்க சார். வெளியாள் இருந்தா சத்தம் கொறையும்."

9.20, பொகவந்தலாவை. ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு, முந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு மேலே தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். உள்ளே கோயில் தலைவரும் பூசாரியும் இருந்தார்கள். செல்வி வாசலுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

பூசாரி நம்பவில்லை.

"பூட்டுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்குங்க சாமி. அத அமுக்கிக்கிட்டுக் கீழ இழுங்க."

இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது.

"ஒங்கப்பாவுக்கு இது எப்புடித் தெரியும்?" என்றார் தலைவர்.

"தாத்தா சொன்னாருங்க."

"அப்ப தலமொற தலமொறையாத் தெரிஞ்சிருக்கு!"

தலைவரின் முகம் சிவந்தது. ஏன் கூட வந்தோம் என்று எனக்கே ஆகிவிட்டது. பூசாரி அவசரமாகப் பெட்டியைத் திறந்தார். தாலி, மூக்குத்தி, ஒட்டியாணம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் தொடலயே, தலைவரே."

தலைவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்குக் கொடியேத்தம். இப்பப் புதுப் பூட்டுக்கு எங்க போறது?"

"நான் கொண்டாந்திருக்கேங்க." செல்வி பையிலிருந்து எடுத்து வாசல் வழியாக நீட்டினாள்.

தலைவர் வாங்கவில்லை. "வெளிய நின்னுக்கிட்டு எப்புடிப் பூட்டுவ? செருப்பக் கழட்டிட்டு உள்ள வா தாயி."

செருப்பைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கண்ணீரில் வார் தெரியவில்லை போலிருக்கிறது.

12.10, ஹட்டன் பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று செல்வியைப் பூசாரி வீட்டில் பிடித்துவைத்துக்கொண்டார்கள். திருச்சியில் எங்கள் தெருவிலும் அப்படித் தள்ளிவைத்த ஒரு வீடு உண்டு. அவர்கள் தாத்தா என்ன செய்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேரன் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போனதும் கேட்க வேண்டும்.