கடைசிக் கட்டத்தில் விழாத முத்திரை

இவோன் ஃபாப்ரேக் முப்பத்தாறு வருஷம் தபால்காரராக இருந்தவர். லவெர்ஞ் ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாரத்தில் ஆறு நாள் சைக்கிளில் கடிதம் சுமந்த மனுஷன், ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுப்பார் என்று பார்த்தால் அதுதான் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்னொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கத்து ஆட்களோடு கிளம்பிவிடுவார்.

சங்கத்தில் சேர்ந்த வருஷமே ஒரு முத்திரைப் புத்தகம் வாங்கினார். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆறு ஊர் அதில் அச்சடித்திருக்கும். ஒன்று மதில் சூழ்ந்த பழைய ஊராக இருக்கும், இன்னொன்று மலை உச்சியில் மடாலம் இருக்கிற ஊராக இருக்கும். அங்கே சைக்கிள் மிதித்துத்தான் போய்ச் சேர வேண்டும். போனதற்கு அடையாளமாக ஊர் ரொட்டிக் கடையிலோ காப்பிக் கடையிலோ அவர்கள் கடை முத்திரையை அந்த ஊருக்கான கட்டத்தில் வாங்க வேண்டும். எல்லாக் கடையும் மூடியிருந்தால், ஊர்ப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாத்தி ஒரு போட்டோ எடுத்தால் போதும். நாடு முழுக்கச் சுற்றி எல்லாக் கட்டத்தையும் நிரப்ப ஓர் ஆயுள் பிடிக்கும்.

இவோன் முப்பத்தெட்டு வருஷமாக நிரப்பிக்கொண்டிருந்தார். லீவு விட்டால் போதும். மனைவி மிரேய் கூடாரத்தையும் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போவாள், இவர் பின்னால் மிதித்துக்கொண்டு வருவார். கல்யாணமான பிறகு மிரேய் இரண்டு தடவை கடலைப் பார்த்திருக்கிறாள் என்றால், கடலோரத்தில் முத்திரை வாங்க வேண்டிய ஊர் இருந்த புண்ணியம்தான்.

இப்போது மிச்சம் இருந்தது ஒரே கட்டம், கஸ்தெல்ரூ. வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். அவ்வளவு பக்கத்தில் இருந்த ஊரை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தார். "அந்த ஊர்ல நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடணும்" என்று மிரேய் என்றைக்கோ சொல்லியிருந்தாள். ஜூனில் போவதாக இருந்தது. அதற்குள் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட, தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ரெஜிஸ் வெய்ஸைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஊர் மருந்துக் கடை முதலாளியாக இருந்தவர். கடையை விற்றுவிட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தான் சைக்கிள் சங்கத்துக்கு வந்தார். அந்தக் கடைக்கு இருபது வருஷம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவோன். சைக்கிளில் ஏறிவிட்டால் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். ஆனாலும் ரெஜிஸைப் பார்த்தால் இவோன் வாயில் சில சமயம் 'நீங்க' வந்துவிடும். வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்று பூராவும் தன்மேலேயே எரிந்து விழுவார்.

ரெஜிஸ் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தூர மாவட்டத்துக்குப் போய், மூன்று வாரம் சுற்றி, முப்பது முத்திரையோடு திரும்பி வருவார். லீவுக்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. சரி, வந்தவர் பீற்றிக்கொள்ளவாவது செய்தால் திட்டித் தீர்க்கலாம். அதுவும் இல்லை. மேட்டில் பின்தங்குகிறவர்களோடு தானும் பின்தங்கி வருவார். யாருக்குக் கால் பிடித்துக்கொண்டாலும் அவர் பையில் ஒரு களிம்பு இருக்கும். மிரேயின் முழங்காலுக்கும் ரெஜிஸ் சொன்ன களிம்புதான். "தடவினதும் வலி பறந்துடுது" என்று அவள் சொன்ன அன்றைக்கு, இவோனுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆளின் புத்தகத்தைப் பார்த்தாலும் வயிறு எரியும். ஒவ்வொரு முத்திரையும் கட்டத்துக்குள் அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும். இவர் புத்தகத்தில் பாதி மழையில் நனைந்து கரைந்த முத்திரைகள்.

அப்படி ஒன்பதே வருஷத்தில் ரெஜிஸும் ஒரே கட்டத்துக்கு வந்து நின்றார். அதுவும் அதே கஸ்தெல்ரூ. சங்கத்தில் அதுவரை ஒருவர்கூடப் புத்தகத்தை முடித்ததில்லை. முதலில் முடிப்பவர் பெயரை எழுதுவதற்கென்றே சங்க அறையில் ஒரு மரப்பலகை முப்பது வருஷமாகக் காலியாகத் தொங்கியது. இவோன் அந்தப் பலகையைத் தன் சொந்தச் சொத்தாகத்தான் நினைத்திருந்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழியில் காப்பி குடிக்க இறங்கியபோது ரெஜிஸ் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் இருக்குமாம். கஸ்தெல்ரூ வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு பாக்கறேன்."

"உங்களுக்கு... உனக்கு முட்டி வலின்னு சொன்னியே?"

"இப்போ பரவாயில்லை. நீ எப்போ போறதா இருக்கே?"

"எனக்கென்ன அவசரம்" என்றார் இவோன். காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே டயருக்குக் காற்றடித்தார். மிரேய் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கே?"

"கஸ்தெல்ரூ. நாளைக்கு."

"நாளைக்குத் திங்கக்கிழமை. ஊர் பூரா மூடிக் கிடக்கும்."

"பலகை இருக்கும்ல. போட்டோ எடுத்துக்கறேன்."

"என் முழங்கால் சரியாகட்டும், சேர்ந்து போலாம்னு சொன்னது யாரு?"

இவோன் பம்பைப் பலமாக அழுத்தினார். அந்தச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

திங்கட்கிழமை முதல் வெளிச்சத்தில் கிளம்பினார். ஆற்றோரம் பனி மூட்டம். சாலையெங்கும் வால்நட் உதிர்ந்து கிடந்தது, சக்கரம் பட்டு நொறுங்கியது. கடைசி ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் அவருக்கு முன்னால் ரெஜிஸ் போகிற மாதிரியே இருந்தது. அந்தத் திமிர் இல்லாத முதுகைத் துரத்திக்கொண்டேதான் ஏறினார்.

மேலே போய்ப் பார்த்தால், ஊர் எல்லையில் இரண்டு கம்பம் மட்டும் நிற்கிறது. பலகை இல்லை. அப்போது போராட்டம் நடத்திய விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டச் சுற்றுவட்டாரத்தில் ஊர்ப் பலகைகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள், இங்கே கழற்றிக்கொண்டே போய்விட்டார்கள். ரொட்டிக் கடை மூடியிருந்தது, ஊர் அலுவலகம் மூடியிருந்தது. தேவாலயம் திறந்திருந்தது, ஆனால் அங்கே முத்திரை ஏது? நாளைக்கு ரெஜிஸ் நிதானமாக வருவான், எல்லாக் கதவும் திறந்திருக்கும், சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். நினைக்க நினைக்க இவோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சதுக்கத்து வளைவுகளுக்குக் கீழே ஒரு காப்பிக் கடையில் நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் கடை லீவு. ஆனா சைக்கிள்காரங்களைத் திருப்பி அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. உள்ள வாங்க."

அவள் பெயர் கொரின். காப்பி கொடுத்தாள். வால்நட் கேக் இருந்தது, இவோன் முழுசாக ஒன்று வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கச் சொன்னார். புத்தகத்தை நீட்டியதும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை அகலமாக்கினாள்.

"இதுதான் கடைசியா? அட, உங்க சங்கத்துல எல்லாருக்கும் எங்க ஊர்தான் கடைசியா?"

"எல்லாருக்கும்னா?"

அவள் மை தொட்ட முத்திரையோடு சுவரைக் காட்டினாள். இந்த ஊரில் புத்தகத்தை முடிப்பவர்களைப் போட்டோ எடுத்து மாட்டுவது அவள் பழக்கமாம். மொத்தம் மூன்று படம் இருந்தது. மூன்றாவதில் ரெஜிஸ் வெய்ஸ், இவோன் போட்டிருந்த அதே சங்கத்துச் சட்டையில், புத்தகத்தை மார்போடு பிடித்தபடி. கீழே தேதி: ஏப்ரல் பதினாலு.

"தங்கமான மனுஷன். ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு. சங்கத்துல ஒருத்தரு முப்பத்தெட்டு வருஷமா ஓட்டறாராம். அவருக்கு முன்னாடி நான் போய் நிக்கறது நல்லா இருக்காது, அவரு முடிக்கட்டும்னாரு. அந்த ஆளு கிளம்பவே மாட்டேங்கறாராம், கொஞ்சம் சீண்டிவிடணும்னு சொல்லிச் சிரிச்சாரு. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் இவோன்.

அவள் முத்திரையைக் கட்டத்துக்கு மேலே கொண்டுவந்தாள். இவோன் புத்தகத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

"என்ன ஆச்சு?"

"இன்னிக்குக் கடை லீவு" என்றார்.

திரும்பி வரும்போது முதல் ஆறு கிலோமீட்டர் இறக்கம்தான், ஆனாலும் கால் ஓடவில்லை. ஏமாற்றியிருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். முந்திக்கொண்டு மார்தட்டியிருந்தால் ஆசைதீர வெறுத்திருக்கலாம். இவன் முந்தவும் முந்திவிட்டு, விட்டும் கொடுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று சொன்னதுகூடத் தன்னைக் கிளப்பிவிடத்தான் என்று நினைத்தபோது காது மடல் வரை சுட்டது. தான் மூச்சிரைக்கத் துரத்திய முதுகு அங்கே இருக்கவே இல்லை.

வீட்டில் கேக்கை மேசைமேல் வைத்தார்.

"கிடைச்சுதா?" என்றாள் மிரேய்.

"எல்லாம் மூடியிருந்துச்சு. பலகையும் இல்லை."

மிரேய் இரண்டு துண்டு சாப்பிட்டாள். மிச்சத்தைக் கட்டி வைத்தாள்.

நவம்பரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மிரேயும் வந்திருந்தாள். சுட்ட செஸ்நட்டும் புது ஒயினும் சுற்றி வந்தன. தலைவர் செர்ஜ் மரப்பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டினார்.

"இவோன், கஸ்தெல்ரூ போயிட்டு வந்தியாமே, எழுதிடலாமா?"

ரெஜிஸ் கைதட்டத் தயாராக முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் இவோன் எழுந்து நின்றார்.

"எனக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. திங்கக்கிழமை போய்த் தொலைச்சேன், எல்லாம் மூடியிருந்துச்சு."

"போட்டோ எடுத்திருக்கலாமே?"

"பலகையை விவசாயிங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க."

திங்கட்கிழமை போகிற முட்டாளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆனா ரெஜிஸ் முடிச்சாச்சு. ஏப்ரல் பதினாலாம் தேதி. அந்த ஊர்க் காப்பிக் கடைச் சுவர்ல படம் தொங்குது, கண்ணாடி வழியாப் பாத்தேன். நம்மகிட்ட எல்லாம் மறைச்சுட்டான். எழுது செர்ஜ், அவன் பேரை எழுது."

அறை முழுக்கக் கைதட்டல். ரெஜிஸ் சிவந்து போய், தட்டத் தூக்கிய கையை மடியில் போட்டார். செர்ஜ் தூரிகையை எடுத்து முதல் எழுத்தை எழுதினார். இவோனுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தப் பெயரின் கடைசி எழுத்து முடிவதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது மிரேய்தான் கார் ஓட்டினாள்.

"கண்ணாடி வழியாவா பாத்தே?"

"ம்."

"வால்நட் கேக்கையும் கண்ணாடி வழியாத்தான் வாங்கினியா?"

இவோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் போடற பிச்சை எனக்கு எதுக்கு?"

"பிச்சையா? ஏழு மாசம் அந்த மனுஷன் வாயைத் திறக்கலை. அவன் இடத்துல நீ இருந்திருந்தா ஒரு வாரம் சும்மா இருந்திருப்பியா?"

கார் பாலத்தைத் தாண்டியது. தேவாலயத்தைத் தாண்டியது. பழைய மருந்துக் கடையையும் தாண்டியது.

"மாட்டேன்" என்றார் இவோன். "அதான் எரியுது."