விரல் பிடித்த ரெக்கார்டு

டெய்லரிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் எண்ணெய் வாசனை வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. பிரேசர் டவுனில், இன்று அபார்ட்மென்ட் நிற்கும் இடத்தில், நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் ஓட்டு ஷெட் இருந்தது. வானொலி நிலையம் கழித்துப்போட்ட ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள்களை ஏலத்தில் எடுத்துவந்து, எண்ணெய் விட்டு, ரப்பர் சக்கரம் மாற்றி ஓடவைப்பார். கீழே கனத்த தட்டு சுழல, ஊசி வைத்த ரெக்கார்டை ரேடியோக்காரர்களைப் போல பாட்டு எழாமல் விரலால் நிறுத்திப் பிடித்து, அப்பா சொன்னதும் விட்டுவிட்டு, கூடவே பாடுவது என் வழக்கம்.

காவிரிக் கலவர வாரத்தில் ஒரு மதியம், தமிழ்ப் பாட்டொன்றை அப்படிப் பிடித்திருந்தபோது கூட்டம் வந்து கேட்டை உலுக்கியது. "கைய எடுக்காதம்மா" என்று கிசுகிசுத்த அப்பா, பதற்றத்தில் வால்யூமைக் குறைக்காமலே வெளியே ஓடினார். "யாரூ இல்லா ஸ்வாமி, ரிப்பேரி அங்கடி" என்று, யாருமில்லை, வெறும் ரிப்பேர் கடை என அவர் கன்னடத்தில் கெஞ்சுவது கேட்டது. வால்யூம் திருகு எனக்கு எட்டாத அலமாரியில் இருந்தது. விரல் வியர்த்து வழுக்கியது. விட்டால் முதல் வரியே எங்களைத் தமிழர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டம் போனது. அப்பா வந்து வால்யூமை அடியோடு குறைத்தபின்தான் "விடும்மா" என்றார். ஊசிமுனையிலிருந்து மட்டும் கொசுவின் குரலில் பாட்டு கசிய, இருவரும் குனிந்து கேட்டோம். நான் கூடப் பாடிவிடாதபடி அப்பாவின் எண்ணெய்க் கை என் வாயைப் பொத்தியிருந்தது.