மீன்தலைக் கறியும் இருபத்து நான்கு பிரெஞ்சுப் போத்தல்களும்

மாலை ஆறு மணி, இருபத்து நான்கு போத்தல், முதலாளி சுகுமாரன்: ஐம்பது வயதில் நான் ஒயின் பரிமாறப் போனது இப்படித்தான். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் அவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மீன்தலைக் கறியால்தான் பேர். யார் வீட்டு விருந்திலோ பிரான்சின் பொர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினைக் குடித்தவர், அதிலேயே இரண்டு டசன் வாங்கி வந்துவிட்டார். தீபாவளிக்குள் தீர்ந்தால் என் வேலை நிரந்தரம், தீராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்றார். தனக்கே சரியாகத் தெரியாததை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யும் தொழில் இது. மேசை மேசையாக நின்று கால் வீங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

மீனா, ஒயினா?

முதல் போத்தல், காத்தோங்கிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு. விற்பனையாளர் கொடுத்த தாளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: கறுப்புத் திராட்சை, தேவதாரு, லேசாகப் புகையிலை. அப்படியே ஒப்பித்தேன். மீன் கன்னத்துச் சதையை வாயில் போட்டு, மேலே ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. சமையல்காரர் அடுப்பை விட்டு வந்து, மீன் காலையில்தான் வந்தது என்று சத்தியம் செய்யாத குறை. பெரியவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, நாப்பது வருஷம் கப்பல் பட்டறையில இரும்போட இருந்தவன் நான். அத வாயில வச்சுப் பாத்தது இன்னிக்குத்தான்."

அறை வெப்பம்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்றும் அந்தத் தாளில் இருந்தது. நானும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கி வைத்தேன். எழுதியவர் பிரான்சில் ஏதோ குளிர்ந்த அறையை நினைத்திருக்கிறார். எங்கள் அலமாரியில் முப்பத்திரண்டு டிகிரி. வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கினார்கள். பழ வாசனையைக் காணோம், சாராய நெடிதான் மூக்கில் ஏறியது. ஒருத்தி கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், கொஞ்சம் ஐஸ்ல வைங்க லா. ரசம் மாதிரி ஊதிக் குடிக்க வேண்டியிருக்கு."

குடிக்காதவர் சொன்னது

அன்றிலிருந்து பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் போத்தலைக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். பழ வாசனை வந்தது, மீன் பிரச்சினை போகவில்லை. இதற்குள் புரட்டாசி பிறந்து, பாதி வாடிக்கையாளர்கள் சைவமாகிவிட்டார்கள். பதினெட்டுப் போத்தல் அப்படியே இருந்தது. கடைக்கு மசாலா கொண்டுவரும் ஜமால் பாயிடம் புலம்பினேன். மூன்று தலைமுறையாக இங்கே மசாலா வியாபாரம் செய்யும் குடும்பம். மதுவைத் தொட்டதே இல்லை. வாசனைக் கதையெல்லாம் வேண்டாம், நாக்கில் என்ன செய்கிறது என்று கேட்டார். துவர்க்கிறது, நாவல்பழத் தோல் மாதிரி பல்லைப் பிடிக்கிறது என்றேன். மல்லி மூட்டையை இறக்கி வைத்தார்.

"ரொம்ப நேரம் கொதிச்ச தேத்தண்ணிய மீனோட யாரு குடிப்பா? துவர்ப்புக்குக் கொழுப்பு வேணும். ஆட்டுக்கறியக் காட்டுங்க, மிளகாயக் கொறைங்க."

புரட்டாசி முடிந்த சனிக்கிழமை

சமையல்காரர் முந்திரியும் தேங்காயும் அரைத்து, காரத்தை அடக்கி, ஆட்டுக் குருமா வைத்தார். ஒரு மாதச் சைவம் முடித்த எட்டுப் பேர் குடும்பம் ஒன்று, ஒயினும் மீன்தலைக் கறியும் கேட்டது. முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். சரி என்றால் போத்தல் திரும்பி வரும். வேண்டாம் என்றால் கடையின் பேரை நானே கெடுத்தவன் ஆவேன். இந்த ஒயினோடு மீன் வேண்டாம், குருமா எடுங்கள் என்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

குருமா வந்தது. ஒரு போத்தல் மூன்றானது. மாமியாரும் மருமகளும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சொன்னது மாமியார்.

"மொத மடக்குல மருமக மாதிரி மொறச்சுது. கறி உள்ள போனதும் மக மாதிரி ஆயிடுச்சு."

குருமாவின் பேர் மேசை மேசையாகப் பரவி, மிச்சப் போத்தல்களும் தீர்ந்தன. தீபாவளிக்கு முந்திய புதன்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள். கடையின் பேர்பெற்ற கறியை வேண்டாம் என்று சொல்லியே அந்தக் கடையில் நிரந்தரமானவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.