நான் அழித்த மூன்று நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "வணக்கம் அண்ணே. தேன்மொழி பேசுறேன். அவர் போயிட்டாரு" என்றது குரல். தேன்மொழி பல வருடங்கள் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்களை அறிவித்தவர். எதைச் சொன்னாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். அவருடைய கணவர் கலியமூர்த்தி எடுத்த ஒரே படமான 'அளவு' பார்த்தவர்களுக்கு அந்தக் குரலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே குரலில், அதே நிதானத்தில் சாவுச் செய்தி வந்தது. விடியற்காலை நெஞ்சுவலி வந்ததாம். நன்னிலத்திலிருந்து திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். 'ஆக, இரண்டாவது படம் வராது' என்று தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. வாயில் பற்பசை நுரையோடு நின்று அழுதேன்.

நம் தஞ்சாவூர் திரை வட்டத்து நண்பர்களே, கலியமூர்த்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர்மேல் பொறாமைப்பட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பொறாமைக்காரனைப் போல ஒருவரை உற்றுப் பார்ப்பவர் யாரும் கிடையாது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது என் நாவல் வெளியீட்டு விழாவில். எதிர்கால உலகத்தைப் பற்றிய நாவல், முந்நூற்றுச் சொச்சம் பக்கம். கண்ணாடிக் கூண்டுக்குள் நகரங்கள், பறக்கும் ஊர்திகள், பச்சை நிறத்தில் மழை என்று ஒன்றுவிடாமல் போட்டிருந்தேன். கலியமூர்த்தி விழாவை வீடியோ எடுக்க வந்தவர். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று நன்னிலம் வட்டாரத்தில் அவர் எடுக்காத விசேஷம் இல்லை. அடுத்த மாதம் விழா வீடியோவைக் கொடுக்க வந்தபோது, நாவலையும் படித்து முடித்துவிட்டு வந்திருந்தார். "நல்லா இருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மழை பச்சையாப் பெய்யுதே, அந்நேரம் வயல்ல நிக்கிறவங்க என்ன பண்ணுறாங்க?" என்றார். என் நாவலில் வயலே இல்லை. டெல்டாவில் பிறந்து, டெல்டாவில் சோறு தின்றுகொண்டு, முந்நூறு பக்கத்தில் ஒரு வரப்பு எழுதாமல் விட்டிருந்தேன். சிரித்துச் சமாளித்தேன்.

அந்தக் கேள்விக்கு அவரே எடுத்த பதில்தான் 'அளவு'. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரப்போகும் ஏதோ ஒரு காலம். எந்த வருடம் என்று படம் சொல்லாது. வயலுக்கு ஒரு கம்பம் நிற்கிறது. எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. மடையும் தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது. பிறகு கம்பம் வீட்டுக்குள் வருகிறது. குளிக்க, குடிக்க, கடைசியில் அழுவதற்கும் ஓர் அளவு. "வணக்கம். உங்கள் அளவு முடிந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்று தேன்மொழியின் குரல் சொல்லும். ஜனங்களும் கைகூப்பி "நன்றிங்க" என்பார்கள். படத்தில் துப்பாக்கி இல்லை, போலீஸ் இல்லை, ஒரு வில்லன்கூட இல்லை.

"பயமுறுத்தக் கூடாதுண்ணே. மரியாதையாப் பேசணும். மரியாதையாப் பேசுனாத்தான் ஜனங்க கதவத் தொறந்து உள்ள விடுவாங்க" என்பார். இன்னொரு முறை நம் கூட்டத்தில், எதிர்காலத்தைக் காட்ட இவ்வளவு குறைந்த செலவில் எப்படி முடிந்தது என்று யாரோ கேட்டார்கள். "எதிர்காலம்னா புதுசா ஒண்ணு கட்டணும்னு இல்லீங்க. இருக்கறதுல ஒண்ண எடுத்துட்டாப் போதும்" என்றார். அவர் எடுத்தது கையை. படம் முழுக்க ஓர் ஆள்கூடத் தன் கையால் மடையைத் தொடுவதில்லை. என்ன ஒரு யோசனை! எனக்கு ஏன் வரவில்லை என்று பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

இனி, நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

படத்தை முடித்ததும் ஒரு பென்டிரைவில் போட்டு என்னிடம்தான் முதலில் கொடுத்தார். "நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் பார்த்த படம் காய்ந்த வயலோடு முடிகிறது. நான் பார்த்த படத்தில் அதற்கப்புறம் மூன்று நிமிடம் இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நாளில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அந்த வீட்டு முறையைப் பக்கத்து வயல்காரர் பார்த்துக்கொள்வார். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும் மண்வெட்டியோடு போய்விடுவார். யாரும் கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. அந்த மூன்று நிமிடத்தில் இருந்தது அதுதான். ஊரில் ஒருவன் செத்ததும் கம்பம் அவன் கணக்கை மூடிவிடுகிறது. அவன் வயல் காய்கிறது. அவனோடு ஜென்மப் பகை கொண்ட பக்கத்து வயல்காரன், தன் வயலில் ஏறிய தண்ணீரை வரப்பை வெட்டி அந்தப் பக்கம் விடுகிறான். படத்தில் ஒரு கை முதல் தடவையாக மண்ணைத் தொடுகிறது.

பார்த்து முடித்ததும் அந்த மூன்று நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நான் முந்நூறு பக்கத்தில் தேடியதை இவர் மூன்று நிமிடத்தில் பிடித்துவிட்டார். அடுத்த நாள் அவருடைய வீடியோ கடைக்குப் போனேன். "எல்லாம் சரி கலி. கடைசிக் காட்சிய எடுத்துரு. அவ்வளவு தூரம் அடங்கிப்போன ஜனத்துல எவன் போய் வரப்ப வெட்டுவான்? அது பொய்யாத் தெரியுது" என்றேன். குரலில் ஒரு வாத்தியார்த்தனம் வேறு. அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டார். "அப்படித்தான்" என்று இரண்டு தடவையும் சொன்னேன். எடுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முடிவைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். துளி ஆறுதல்கூடத் தராத துணிச்சலான முடிவு என்று எழுதினார்கள். நம் வட்டம் நடத்திய பாராட்டு விழாவில் கலியமூர்த்தி மேடையில் நின்று, "இந்த முடிவு அண்ணன் கொடுத்தது" என்று என்னைக் காட்டினார். நீங்களெல்லாம் எழுந்து கைதட்டினீர்கள். எழுந்து கும்பிட்டேன். கெடுக்க நினைத்துச் செய்ததுகூட அவருக்கு நல்லதாகவே முடிந்ததே என்று வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனதும் என் புதிய கதைத் தொகுப்பை அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு பென்டிரைவ் வேண்டியிருந்தது. வீட்டில் வேறு இரண்டு இருந்தன. அவருடையதைத்தான் எடுத்தேன். படத்தை அழித்துவிட்டு என் கதைகளை ஏற்றினேன்.

அன்று விழாக் கூட்டம் கலைந்த பிறகு, நான் வீட்டுக்குக் கிளம்பும் முன் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "படம் நல்லா வந்துருச்சுண்ணே. ஆனா அந்தக் காட்சி இல்லாம, வீட்டுக்குப் போற வழியில பஸ்ஸ விட்டு எறங்குன மாதிரி இருக்கு." நான் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அவர் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிற்று. ஏற்கெனவே இணையத்தில் ஏற்றியிருந்ததால் படம் தப்பியது. பார்க்கப் போனபோது சேற்றை வழித்துக்கொண்டே, "அந்தப் பழைய பிரதி உங்ககிட்ட இருக்குல்லண்ணே?" என்றார். "இருக்கு" என்றேன். "அப்ப சரி" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் அதைக் கேட்கவில்லை. என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் போயிருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்ததும் தேன்மொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, அந்தப் பென்டிரைவ் உங்ககிட்ட இருக்கறதா சொல்லிக்கிட்டே இருப்பாரு. கொஞ்சம் கொடுங்க. ஊரையெல்லாம் படம் புடிச்ச மனுசன். எங்க வீட்டுல அவரு நடமாடுற படம் ஒண்ணுகூட இல்ல. போனத் தூக்குனா கையால மறச்சிக்குவாரு. அதுல மட்டுந்தான் அவரு நடிச்சிருக்காரு. நடிக்க வேண்டிய ஆளு அன்னிக்கு வரலன்னு இவரே எறங்கிட்டாரு" என்றார்.

எனக்கு அது தெரியாததா? வரப்பை வெட்டும் அந்தப் பகையாளி கலியமூர்த்திதான். அழிக்கும்போதும் தெரியும். "தேடிப் பாக்குறேம்மா" என்றேன். பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

தேன்மொழி, தேடவில்லை. தேட ஒன்றுமில்லை. அழித்தது நான். அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னதும் பொறாமையில்தான். அது பொய்யாகத் தெரியவில்லை. நான் பார்த்த எந்தப் படத்திலும் அவ்வளவு உண்மையான காட்சி இல்லை. இதை அவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூன்று நிமிடம்தான். அதையும் இத்தனை நாள், எனக்கு மட்டுமே தெரிந்தது என்று உள்ளூர ஒரு பெருமையோடு பதுக்கி வைத்திருந்தேன். இனி அது என்னிடம் இருக்கக் கூடாது. நினைவில் இருக்கிறபடி கொடுத்துவிடுகிறேன்.

சாயங்கால வெயில். கட்டம் போட்ட சட்டை, தலையில் துண்டு. மண்வெட்டியைக் கேமரா ஸ்டாண்ட் தூக்குவது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் வருகிறார். மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை; நாள் முழுக்க அடுத்தவர் வயலில் அதைப் பிடித்த தன் அப்பா, மகனைப் பிடிக்க விடவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கம்பத்தைத் தாண்டும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறார். நாலு வெட்டு. மூன்றாவது வெட்டு தவறிக் கல்லில் படுகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறார். அந்த முகம் நடிப்பில்லை, உங்கள் வீட்டில் பார்த்த முகம்தான். மண்ணைக் கையால் ஒதுக்குகிறார். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு வெடிப்புக்குள் சலசலவென்று இறங்குகிறது. அவர் வரப்பிலேயே உட்கார்ந்து, காலை அந்தத் தண்ணீரில் விட்டுக்கொள்கிறார்.

அப்போது கம்பத்திலிருந்து உங்கள் குரல் வருகிறது, தேன்மொழி. "உங்கள் அளவு வீணாகிறது. தயவுசெய்து வரப்பை மூடவும்." மறுபடியும் அதே. மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் தலையைத் திருப்பிக் குரல் வந்த பக்கம் பார்க்கிறார். கோபமில்லை. மண் ஒட்டிய கையை உயர்த்தி, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவருக்குச் சொல்வது போலச் சொல்கிறார்:

"செத்த நேரம் இருங்கம்மா. அந்த வயல் நனையட்டும், வந்துடுறேன்."