அம்மா ஓடிய டிரெட்மில்

பிளஸ் டூ முடித்த கோடையில், நான் உடற்பயிற்சி அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. சேவூரில் எங்கள் தெருக்காரர்கள், டிரில் டீச்சர் வேலைக்கா என்று கேட்டார்கள். ஓடும்போதும் குனியும்போதும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று படிப்பது என்றேன். அதைப் படித்தால்தான் ஓட முடியுமா என்று திரும்பக் கேட்டார்கள்.

நான் பள்ளியில் கோ-கோ ஆடியவள். பதினோராம் வகுப்பில் முழங்கால் திருகிக்கொண்டபோது ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்களே தவிர, உள்ளே என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்திலிருந்து வந்த ஆசை இது. அப்பாவுக்கு நான் ஆரணியிலேயே பி.காம். சேர்ந்தால் போதும். அம்மாதான், "பாத்துட்டு வரலாம், பாக்கறதுக்கு இன்னா" என்று கிளம்பினாள்.

அம்மா பட்டு நெய்கிறவள். நாள் முழுக்கத் தறியில் மிதித்து மிதித்து இறுகிய கால்கள் அவளுக்கு. காய்ச்சல் என்று அவள் படுத்து நான் பார்த்ததில்லை. காலையில் பின்மண்டை வலிக்கிறது என்பாள். குனிந்தே இருக்கிறோமே, வலிக்காமல் என்ன செய்யும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

நான் இரண்டு கல்லூரிகளைக் குறித்து வைத்திருந்தேன். முதலாவது சென்னை போகும் சாலையில் இருந்தது. கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஏ.சி. டை கட்டிய ஒரு இளைஞர் எங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். வரிசையாகப் புத்தம்புது இயந்திரங்கள். எனக்கு அங்கேயே மனசு முடிவாகிவிட்டது. அவர் அம்மாவைப் பார்த்து, நீங்களே ஏறிப் பாருங்கள் என்றார். அம்மா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு டிரெட்மில்லில் ஏறினாள்.

நடந்தாள். சிரித்தாள். அந்த இளைஞர் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். தறி மிதிக்கிற காலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நான்தான் சொன்னேன். வேகத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தியதும் நான்தான். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அம்மா ஓடினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இறங்கியபோது அவள் முகம் சிவந்து, ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. நாங்கள் ஜூஸ் குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

மறுநாள் வேலூர்ப் பக்கம் இரண்டாவது கல்லூரி. போகவே வேண்டாம் என்றேன். வருவதாகச் சொல்லிவிட்டோமே, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்றாள் அம்மா. பழைய கட்டடம். ஆய்வுக்கூடத்தில் ஒரு டிரெட்மில், இரண்டு சைக்கிள், கம்பி தெரியும் ஒரு மேசை விசிறி. அங்கே பாடம் எடுக்கும் அம்மையார் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். நேற்றைய ஞாபகத்தில் நான், அம்மா நேற்றுகூட இதில் நன்றாக ஓடினாள், ஏறிக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அதற்கு முன்னால் சில கேள்விகள் இருக்கின்றன என்று ஒரு தாளை எடுத்தார். வயது, தூக்கம், மூச்சு வாங்குமா, தலை வலிக்குமா. அம்மா பின்மண்டை வலியைச் சொன்னாள். அவர் எழுந்து பி.பி. பார்க்கும் பட்டையை எடுத்துவந்து இடது கையில் சுற்றினார். பார்த்தார். வலது கையில் சுற்றினார். சற்று நேரம் எங்களோடு ஊரைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடியும் இடது கையில் சுற்றினார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்து இவங்க ஓடினாங்கன்னு சொன்னியே, எவ்ளோ நேரம்?"

பத்து நிமிஷம் இருக்கும் என்றேன். 

"ஓடறதுக்கு முன்னாடி யாராவது பி.பி. பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, இந்த அழுத்தத்தோடு இவர்கள் ஓடியிருக்கவே கூடாது, நேற்று ஒன்றும் ஆகாதது உங்கள் நல்ல நேரம் என்றார். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவரே ஆட்டோவைக் கூப்பிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

ஆட்டோவில் அம்மா கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை சூடாக, எப்போதும் போல் இருந்தது. எதுவும் ஆகவில்லை என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கையை விடவில்லை. அந்த அம்மையார் என் தோளில் கைவைத்து, எந்த ஸ்டாப்பில் இறங்கினீர்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று எதையெதையோ கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பல வருஷமாக இருந்திருக்கிறது, இதயத்தின் சுவரே தடித்துப்போயிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையை ஒருநாள் கூட விடக்கூடாது என்றார். விஷயம் கேட்டு ஓடிவந்த அப்பா கட்டில் ஓரமாக நின்று, எது எந்த வேளைக்கு என்று ஒவ்வொரு மாத்திரை அட்டையின் மேலும் எழுதினார். பி.காம். பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

நாங்கள் வீடு திரும்பிய வாரத்தில் முதல் கல்லூரியிலிருந்து போன் வந்தது. எப்போது சேருகிறாய் என்று கேட்டார்கள். அம்மா ஓடும் வீடியோவைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருப்பதாகவும், எல்லாரும் ரசிப்பதாகவும் சொன்னார்கள். நடந்ததைச் சொல்லி, எடுத்துவிடச் சொன்னேன். ஐயோ அப்படியா, எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். அந்த ஒரு மாதமும் தினம் அதைத் திறந்து பார்த்தேன். அதில் நான் தெரியமாட்டேன்; பொத்தானை அழுத்தும் என் கை மட்டும் தெரியும், வளையலோடு.

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்தேன். முதல் பருவம் முழுக்க எங்களை எந்த இயந்திரத்தையும் இயக்க விடவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது, பதிலை எப்படிக் காதில் வாங்குவது, அதையே திரும்பத் திரும்பப் பழகினோம். சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சலிக்கவில்லை.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவையே உட்காரவைத்து அந்தக் கேள்விகளைக் கேட்டேன். எப்போதாவது தலை சுற்றியதுண்டா என்ற இடத்தில் நிறுத்தி யோசித்தாள்.

"அன்னிக்கு ஓடிகினு இருக்கச்சே சுத்துச்சி. கண்ணு இருட்டிகினு வந்துச்சி."

ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

"நீ சிரிச்சிகினு இருந்த. அதான்."

இன்னும் ஏழு கேள்விகள் இருந்தன. தாள் மடியில் கிடந்தது. அடுத்தது என்ன என்று அம்மா கேட்டாள். தாளை எடுத்து, பொத்தானை அழுத்திய அதே விரலை அடுத்த வரியில் வைத்துக் கேட்டேன்.