சந்திரகலாவின் ஒரு நிமிஷம்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் கடிகாரத்தை நம்புவதில்லை. காலை ஆறு நாற்பதுக்குச் சந்திரகலாவின் பள்ளி வேன் முக்கில் திரும்பி மூன்று முறை ஹார்ன் அடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் சேவல்கள் கூவும். ஒரு தடவை துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று அந்தச் சத்தத்துக்குப் பதில் ஹார்ன் கொடுத்துவிட்டு, பாதிச் சரக்கைக் கரையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. நம்பாதவர்கள் அந்தக் கப்பலைத் தேடிப் பிடித்து விசாரித்துக்கொள்ளலாம்.

சந்திரகலாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முன்பு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவர் இறந்ததும் அவர் ஓட்டிய வேனை விற்றுவிடச் சொன்னார்கள். “பதினாறு வருஷம் நின்னே வேலை செஞ்சாச்சு, இனிமே உட்கார்ந்து செய்றேன் லா” என்று லைசென்ஸ் எடுத்து அதே வேனில் ஏறி உட்கார்ந்தாள். அவள் வேனில் ஒரே சட்டம்தான்: மூன்று ஹார்ன், ஒரு நிமிஷம். அதற்குள் வராத பிள்ளைக்கு வேன் கிடையாது. இந்தச் சட்டம் முதலில் பாய்ந்தது அவள் மகள் இந்துஜாவின் மேல். சொந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தி மூன்று ஹார்ன் அடித்தாள். மகள் ஒரு கால் சப்பாத்தோடு ஓடி வந்தபோது வேன் முக்கைத் தாண்டிவிட்டது. இந்துஜாவுக்கு இப்போது பங்சாரில் பெரிய வேலை. அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் என் பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி போய் நின்றாள்.

சீதாவின் மகள் ஜனகாவுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, பெரிய சத்தம் ஆகாது. பட்டணத்தின் அந்தப் பக்கத்துப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் இரண்டு வருஷம் காத்திருந்து இடம் கிடைத்தது. அப்பா முகுந்தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். அவருக்கு ஜொகூருக்கு லோரி ஓட்டும் வேலை வந்தது, ஜனகாவின் பள்ளி நின்றது. சீதாவுக்குக் கிளினிக்கில் ஏழு மணிக்கே வேலை. எடுக்கக்கூடிய லீவையெல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டாள். போக்குவரத்து உதவி கேட்டுக் கொடுத்த விண்ணப்பப் பாரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்று வேன்காரர்கள் மாட்டேன் என்றார்கள். வகுப்பு ஆசிரியை மார்க்கிரட் கூப்பிட்டு, “இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஜனகா வராட்டி, லிஸ்ட்ல அடுத்த பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்திருவாங்கம்மா. என்னால பிடிச்சு வைக்க முடியாது” என்றார்.

சந்திரகலா எல்லாவற்றையும் கேட்டாள். “கடிக்குமா?”

“கடிக்க மாட்டா, அக்கா.”

“அப்ப ஏத்துறேன். என் வேன்ல கடிக்கிறதே நாலு இருக்கு.”

திங்கட்கிழமை காலை வாசலில் மூன்று ஹார்ன் அடித்ததும் ஜனகா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். நானும் சீதாவும் குனிந்து கெஞ்சியும் வரவில்லை. வேன் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சந்திரகலா ஹார்ன் அடிக்காமல் பூனை மாதிரி வந்து நின்றாள். ஜனகாவுக்கு வேன் வந்ததே தெரியவில்லை, சொன்னாலும் அசையவில்லை. அதை விடப் பெரிய கூத்து, ஹார்னை நம்பியே தூங்கும் தாமான் மொத்தமும் எழுந்திருக்கவில்லை. பதினான்கு பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதம். சந்திரகலாவின் சரித்திரத்திலேயே அப்படி நடந்தது கிடையாது.

புதன்கிழமை காலையும் ஜனகா ஏறவில்லை. சாயங்காலம் அவளே சீதாவின் வீட்டுக்கு வந்தாள், முடியாது என்று சொல்லிவிடத்தான். சீதா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தேநீர் ஊற்றினாள். அந்த நேரம் தெருவில் ‘போங், போங்’ என்று ரப்பர் ஹார்ன் கேட்டது. மோட்டாரில் பெட்டி கட்டி ரொட்டி விற்கும் ஜாபர் அலி பாய். ஜனகா தானாக எழுந்தாள். செருப்பைப் போட்டாள், கேட்டைத் திறந்தாள், கையை நீட்டினாள். பாய் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ஒரு காயா பன்னை உள்ளங்கையில் வைத்தார்.

“தினமும் இப்படித்தானா?” என்றாள் சந்திரகலா.

“மழை பெய்ஞ்சாலும் போவா, அக்கா.”

சந்திரகலா தேநீரை அப்படியே வைத்துவிட்டு ரொட்டி பாயைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

“பாய், அந்த ஹார்னைக் கொடுங்க.”

“என்னக்கா, வேனை வித்துட்டு ரொட்டி விக்கப் போறீங்களா? எனக்குப் போட்டியா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பெட்டிக்குள் துழாவி ஒரு பழைய ஹார்னை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு பன். “பன் இல்லாம ஹார்ன் அடிச்சா பாவம் புள்ள ஏமாந்துரும். அப்புறம் என்னையும் நம்பாது.”

வியாழக்கிழமை ஆறு நாற்பது. முக்கில் ‘போங், போங்’.

ஜனகா சீருடையில் வெளியே வந்தாள். அவள் மட்டுமா வந்தாள்? தெருவே வந்தது. பாத்திரத்தோடு வந்தவர்கள், பையோடு வந்தவர்கள், பல் துலக்கும் நுரை வாயோடு வந்தவர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற கனகசபை இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேன் கதவுக்கே வந்துவிட்டார்.

“என்ன பிள்ளை, ரொட்டி எங்க?”

“அங்கிள், இது பள்ளிக்கூட வேன்.”

“அப்ப ஏன் ரொட்டி ஹார்ன் அடிக்கிறாய்? நான் பட்டரையும் வெளியில எடுத்து வச்சிட்டன்.”

“சத்தம் போடாதீங்க அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ஜனகா கேட்டருகில் நின்று கையை நீட்டியிருந்தாள். சந்திரகலா பன்னை எடுத்துக் காட்டி, மூன்றாவது ஜன்னலோரச் சீட்டில் வைத்தாள். பிள்ளை கையை மடக்கவில்லை. கேட்டில் நின்றால் பன் கைக்கு வர வேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிந்த முறை.  ஒரு நிமிஷம் போனது. வேனுக்குள்ளிருந்த பிள்ளைகள், “ஆன்டி, டைம் ஆச்சு” என்றார்கள்.

“எனக்குத் தெரியும், வாயை மூடுங்க” என்றாள் சந்திரகலா. இன்ஜினை நிறுத்தினாள். சொந்த மகளுக்கு நிறுத்தாத இன்ஜின் அது.

இரண்டு, நான்கு, ஆறு. தெருவே சிலை மாதிரி நின்றது. கனகசபையின் பட்டர் வீட்டில் உருகி ஓடியிருக்கும். ஏழாவது நிமிஷம் ஜனகா நீட்டிய கையை இறக்கினாள். வேனை எட்டிப் பார்த்தாள். ஏறினாள். மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்து பன்னை எடுத்துக் கடித்தாள். சந்திரகலா அவளுக்குச் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, சீதாவைப் பார்க்காமலே சொன்னாள்: “போய்க் கிளினிக்கைத் திற லா. அங்கே நோயாளிங்க வெயிட் பண்றாங்க.”

வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம்தான் ஆனது. அன்று மத்தியானம் மார்க்கிரட் டீச்சர் சீதாவுக்கு ஒரு படம் அனுப்பினார். வருகைப் பட்டியலில் ஜனகா பெயருக்கு நேரே இரண்டு சரி அடையாளம். சீதா அதை என்னிடம் காட்டினாள், கனகசபையிடம் காட்டினாள், கிளினிக்கில் காய்ச்சலோடு வந்தவர்களிடமும் காட்டியதாகக் கேள்வி.

விஷயம் பங்சாருக்கும் போனது. இந்துஜா போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“அம்மா, எனக்கு ஒரு நிமிஷம், அவளுக்கு ஏழு நிமிஷமா?”

“உனக்குப் பன் வேணும்னு நீ சொல்லவே இல்லையே லா” என்றாள் சந்திரகலா.  அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

ஜனகா இப்போது ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிடுகிறாள். வேனின் மூன்று ஹார்ன் அடுத்த தெருவிலிருந்துதான் தொடங்குகிறது, எங்கள் தெருவுக்கு ரப்பர் ஹார்ன்தான். கனகசபை மட்டும் இன்னும் சாரத்தோடு வாசலுக்கு வருகிறார். அவருக்காகச் சந்திரகலா வேனில் முந்திய நாளே ஒரு ரொட்டி வாங்கி வைத்துவிடுகிறாள். கொடுக்காவிட்டால் அவர் கதவை விடுவதில்லை.